செம்பனை ஆலையில் ஒரு வெள்ளைக் கோட்டு

வானொலியில் நான் அதிகமாக வாசித்த அறிவிப்பு எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: தண்ணீர் வெட்டு. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரில் துர்நாற்றம் கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்ட நாளில், எந்தெந்த வட்டாரத்துக்குத் தண்ணீர் வராது என்ற பட்டியலைத் தொண்டை வறள வறள வாசித்தது இன்னும் நினைவிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். ஆனால் அந்த ஆற்றை நான் நேரில் போய்ப் பார்த்ததே இல்லை.

பார்க்க வைத்தவள் என் சித்தி மகள். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக இருக்கிறாள். "எத்தனை வருசமா வரேன் வரேன்னு சொல்றீங்க அக்கா. ரேடியோவுல மட்டும் ஊர் ஊரா கூட்டிட்டுப் போறீங்க" என்று அவள் குத்திக்காட்டிய பிறகு, ஒலிபரப்பு இல்லாத ஒரு சனிக்கிழமை விடியலில் காடியைக் கிளப்பினேன்.

ஆலையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். போடவில்லை.

பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை

கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ வழியாகப் போனேன். அங்கே ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலம் வழியில் வந்தது. 1925-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் கண்டெடுத்த ரப்பர் ரகங்களைத்தான் நம் தாத்தா பாட்டிகள் தோட்டம் தோட்டமாக வெட்டினார்கள். இன்று அந்த நிலத்தில் எம்.ஆர்.டி. நிலையமும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன.

லத்தார் நெடுஞ்சாலையில் ஏறி ஈஜோக்கில் இறங்கினால் இரண்டு பக்கமும் செம்பனை. பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழி இது. 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் சாலையோரக் கடையில் தேநீர் கலக்கியவர், "பெர்ஜுந்தைக்கா போறீங்க?" என்றுதான் கேட்டார்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மலேசியாவில் செம்பனையை முதன்முதலில் வாணிகப் பயிராக நட்டது இங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கியவரும் இவரேதான். செம்பனை நடப்பட்ட அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமராம். ஆமாம், நம் 'தென்னமரம்'தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்துக்கு இந்த நாட்டில் முதல் வீடு கொடுத்த தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர். வீட்டில் இதைச் சொன்னபோது சித்தி சிரித்தார். "நம்ம பேரு எல்லாத் தோட்டத்துலயும் இருக்கும். பங்குலதான் இருக்காது."

பசியாறியாச்சா?

ஆலைக் கேட்டில் நின்றபோது மணி ஏழு. பாதுகாப்புத் தொப்பியை நீட்டிக்கொண்டே தங்கை கேட்ட முதல் கேள்வி: "பசியாறியாச்சா அக்கா?" இரண்டாவது: "வாசம் தாங்குவீங்களா?"

அந்த வாசத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வேகவைத்த பழம், புளித்த சாறு, சூடான எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரு கனம். பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடுகிறது. உடுப்பிலிருந்துதான் இரண்டு நாளைக்குப் போகாது.

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சரிவு மேடையில் குலைகளைக் கொட்டுகின்றன. அங்கிருந்து நீராவிக் கலன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அழுத்த நீராவியில் குலைகள் வேகின்றன. பழம் காம்பிலிருந்து எளிதாக உதிர்வதற்காக மட்டும் அல்ல இது. அடிபட்ட பழத்துக்குள் ஒரு நொதி வேலை செய்து எண்ணெயைக் கொழுப்பமிலமாக உடைத்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது இந்த வெப்பம்தான். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்துவிட வேண்டும் என்று தோட்டத்தில் விரட்டுவதும் அதற்காகவே.

வெந்த குலையை உருளையில் போட்டு உதிர்க்கிறார்கள். உதிர்ந்த பழம் கூழாகி, திருகு அழுத்தியில் பிழியப்படுகிறது. எண்ணெய் தெளியவைக்கப்பட்டு, ஈரம் நீக்கப்பட்டுத் தொட்டிக்குப் போகிறது. கொட்டை தனியாக உடைபட்டுப் பருப்பாகிறது. நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகு. வெறுங்குலை மறுபடியும் மரத்தடிக்கு உரமாகப் போகிறது. 100 கிலோ குலையில் சுமார் 20 கிலோ எண்ணெய் கிடைக்கும்.

"பாக்கி 80 கிலோ எங்க போகுதுன்னு கணக்கு வைக்கிறதுதான் அக்கா என் வேலை" என்றாள்.

அரை நிமிடம் நிற்க வேண்டிய நிறம்

ஆய்வுக்கூடம் என்றதும் சினிமாவில் வருவது போலக் கண்ணாடிச் சுவரும் நீல விளக்குமாகக் கற்பனை செய்திருந்தேன். இது ஒரு வகுப்பறை அளவு அறை. ஒரு தராசு, ஓர் அடுப்பறை, ஒரு சூடேற்றும் தட்டு, வரிசையாகக் கூம்புக் குடுவைகள், சுவரில் ஒரு மின்விசிறி. வெளியே இயந்திரச் சத்தம் ஓயவே இல்லை. என்னைப் போல ஒலி புகாத அறையில் உட்கார்ந்து பேசுகிறவளுக்கு முதல் அரை மணி நேரம் தலை சுற்றியது.

தங்கை குடுவையில் 5 கிராம் எண்ணெயை நிறுத்து எடுத்தாள். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த அந்த நிறத்துக்குக் காரணம் கேரட்டில் இருக்கும் அதே கரோட்டின். ஆல்கஹால் ஊற்றிச் சூடாக்கி, நிறங்காட்டி சில சொட்டு விட்டாள். பிறகு நீளமான கண்ணாடிக் குழாயைத் திருகி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். ஒரு கை குழாயில், மறு கை குடுவையைச் சுழற்றியபடி.

"பேசாதீங்க அக்கா, இப்ப மட்டும்."

என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. பேசாமல் நின்றேன். ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. நிறம் வந்து அரை நிமிடம் மறையாமல் நிற்க வேண்டும். நின்றது. 7 மில்லிலிட்டர் என்று பதிவேட்டில் எழுதிக் கணக்குப் போட்டாள். கொழுப்பமிலம் 3.58 விழுக்காடு.

"அஞ்சைத் தாண்டினா விலை அடிபடும். பழம் ரொம்ப நேரம் கிடந்துச்சா, அடிபட்டுச்சா, மேடையில தேங்கிடுச்சா, எல்லாம் இந்த ஒரு நம்பர்ல தெரியும்."

இதைப் போல ஈரம், அழுக்கு, பிழிந்த நாரில் தங்கிவிட்ட எண்ணெய், கொதிகலன் தண்ணீரின் தன்மை என்று ஒரு வேலை நேரத்தில் பல சோதனைகள். பழம் குவியும் மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும், அவளும் முறை மாற்றி ஓடுவாள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு நாங்கள் முறுக்கு சுட்டபோது அவள் எங்கே இருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

குச்சி மிதக்கும், கூலி முங்கும்

அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தபோது எனக்குப் பாட்டி நினைவு வந்தது. பாட்டி பால்மரம் வெட்டியவர். வெட்டிச் சேர்த்த பாலை நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், பாலில் ஒரு குச்சியை மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கிராணி எழுதிக்கொள்வாராம். மெட்ரோலாக் என்ற அளவுகோல் அது. பால் எத்தனை கிலோ இருந்தாலும், அதில் இருக்கும் காய்ந்த ரப்பருக்குத்தான் கணக்கு.

மழைக் காலத்தில் பால் நீர்த்துப் போகும். "தண்ணி கலந்துட்டியா?" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்களாம். பாட்டி கலக்கவில்லை. ஆனால் அந்தக் குச்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரும் காட்டவும் இல்லை. "குச்சி மிதக்கும், நம்ம கூலி முங்கும்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

அந்தப் பாட்டியின் பேத்தி இன்று குச்சியைப் பிடிக்கிறாள். அவள் எழுதுவதுதான் கணக்கு. இது பெருமை மட்டும் இல்லை, பெரிய பாரமும்கூட என்பதை அன்று பத்து மணிவாக்கில் பார்த்தேன்.

பத்துப் பழம் உதிர்ந்திருக்க வேண்டும்

மேடையில் ஒரே சத்தம். சிறுதோட்டக்காரர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய தமிழர், சொந்த லாரியில் குலை கொண்டுவந்திருந்தார். தரம் பிரிக்கும் மலாய் இளைஞர் சில குலைகளைக் காய் என்று ஒதுக்கியிருந்தார். காய் என்றால் பிடித்தம் உண்டு. "எல்லாம் ஏமாத்து" என்று கத்திக்கொண்டிருந்தவர், தங்கையைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். "அம்மாடி, நீ நம்ம புள்ள. நீயே சொல்லு. இதுவா காய்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாட்டியே வந்து நிற்பது போல இருந்தது. தங்கை ஒரு வார்த்தை சொன்னால் ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒதுக்கிய குலைகளில் ஒன்றைப் புரட்டினாள். "அங்கிள், பழம் உதிர்ந்த குழி எங்க இருக்குன்னு நீங்களே எண்ணுங்க." பழுத்த குலையில் குறைந்தது பத்துப் பழமாவது தானாக உதிர்ந்து, புதிய குழி தெரிய வேண்டும் என்பது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதி. அதில் ஒரு குழியும் இல்லை. பிறகு ஒரு பழத்தைக் கத்தியால் வெட்டிக் காட்டினாள். சதை வெளிறிய மஞ்சள். ஏற்றுக்கொண்ட குவியலிலிருந்தும் ஒன்றை எடுத்து வெட்டினாள். நல்ல ஆரஞ்சு. விரலில் எண்ணெய் ஒட்டியது. "குலை பழுக்கிற கடைசி வாரங்கள்லதான் எண்ணெய் வேகமா ஏறும். ஒரு சுத்து முன்னாடி வெட்டிட்டாங்க அங்கிள். உங்க காசுதான் மரத்துலயே நின்னுபோச்சு."

பெரியவர் இரண்டு பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒதுக்கியதில் இன்னொரு குலையைக் காட்டி, "இது?" என்றார். தங்கை எண்ணினாள். பதினொரு குழி. மலாய் இளைஞரிடம் காட்ட, அவரும் குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு அதை நல்ல குவியலுக்குத் தள்ளினார்.

ஒரு குலைதான் மாறியது. மற்றவற்றுக்குப் பிடித்தம் பிடித்தம்தான். ஆனால் பெரியவர் கத்தவில்லை. "வெட்டுற பசங்ககிட்ட சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி, வெட்டிய இரண்டு பழத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரி ஏறினார்.

பாட்டிக்கு யாராவது இப்படி ஒருமுறை காட்டியிருக்கலாம். கூலி கூடியிருக்காது. ஆனால் அந்தச் சொல் அவர் நெஞ்சில் அத்தனை வருடம் கிடந்திருக்காது.

மூன்று நாள் காத்திருக்கும் தண்ணீர்

மதியம் சோறு முடிந்ததும் கழிவுநீர்க் குளங்களுக்குக் கூட்டிப்போனாள். வரிசையாகக் குளங்கள். முதல் குளம் கறுப்பாய்ப் பொங்குகிறது, கடைசிக் குளம் தேநீர் நிறத்தில் அமைதியாக இருக்கிறது. இடையில் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

கழிவு எவ்வளவு கெட்டது என்று எப்படித் தெரியும்? அதைத் தின்று செரிக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன என்று அளக்கிறார்கள். மாதிரியை 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஆலையிலிருந்து புதிதாக வரும் கழிவில் அந்த அளவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். 1977-இல் வந்த சுற்றுச்சூழல் விதிகளின் வழி, ஆற்றில் விடும்போது 100-ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். உயிர்வளி போய்விட்டால் ஆற்றில் மீன் முதல் எல்லாம் போய்விடும்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தங்கை இதற்கு முன் வேறு மாநிலத்தில் ஓர் ஆலையில் இருந்தாள். ஒரு முறை அவள் எடுத்த அளவு நூறைத் தாண்டிவிட்டது. மேலே இருந்தவர், "மறுபடி செய், நல்ல நம்பர் வர்ற வரைக்கும் செய்" என்றார். மறுபடி செய்தாள். வேறு எண் வந்தது. அவள் இரண்டையும் பதிவேட்டில் எழுதி, நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள். அதன்பிறகு அங்கே யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டாள். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. காடிக் கடன் இருந்தது, சித்திக்கு மருந்துச் செலவு இருந்தது.

அப்போது தொலைபேசியில் நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

வாயைத் திறப்பதையே தொழிலாகக் கொண்டவள் சொன்ன அறிவுரை! அதற்கும் முன்னால், எஸ்.பி.எம். முடித்து விவசாயத் துறையில் டிப்ளோமா எடுக்கப் போகிறேன் என்றபோதும் தடுத்தவள் நான்தான். "தோட்டத்தை விட்டு வெளிய வரத்தானே படிக்கிறோம், படிச்சிட்டு மறுபடி தோட்டத்துக்கா?" சித்தி உதிரிப் பழம் பொறுக்கிய இடுப்பு வலியைக் கண்முன் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. அதனால் எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் ஆட்டவில்லை.

குளக்கரையில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவள் மாதிரிப் புட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நீங்க ரேடியோவுல தண்ணி வெட்டு அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். இந்த வாட்டி நம்ம பக்கத்துலேர்ந்து இல்லையேன்னு முதல்ல பார்ப்பேன். அதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்."

மின்மினிகள் பார்த்துக்கொள்ளும் கணக்கு

மாலையில் வேலை முடிந்து இருவரும் கம்போங் குவாந்தான் போனோம். பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து வரும் அதே சுங்கை சிலாங்கூர் இங்கே அகன்று, மெதுவாகக் கடலை நோக்கிப் போகிறது. இருட்டிய பிறகு துடுப்புப் படகில் போனால், கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்க்கலாம்.

மின்மினி பறப்பதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன் அது புழுவாக ஆற்றங்கரைச் சேற்றில், சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையும் தண்ணீரும் கெட்டால் நத்தை போகும், நத்தை போனால் மேலே விளக்கும் எரியாது.

படகில் யாரும் பேசவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும். தங்கை கையை ஆற்றில் நனைத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். தொழில் பழக்கம். "எப்படி?" என்று கேட்டேன். "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அன்பு வாசகர்களே, வீட்டில் அறிவியல் பாடம் பிடித்த பிள்ளை இருந்தால், மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1931-இல் செர்டாங்கில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக நிற்கும் இடம் இருக்கிறது. டிப்ளோமா தரும் போலிடெக்னிக்குகள் இருக்கின்றன. செம்பனை ஆலை மட்டும் இல்லை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கொக்கோ, பால், பானம், உறைந்த உணவு என்று எங்கெல்லாம் உணவு தயாராகிறதோ அங்கெல்லாம் அளந்து பார்க்க ஒருவர் வேண்டும். இரவு வேலை உண்டு, வாசம் உண்டு, முதல் சம்பளம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை தண்ணீர் வெட்டு அறிவிப்பு என் மேசைக்கு வரும்போது, வட்டாரங்களின் பெயர்களை வாசிப்பதற்கு முன் ஆற்றின் பெயரை நிதானமாகச் சொல்வேன். அதைக் கேட்பதற்கு ஆலை இரைச்சலுக்கு நடுவே ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.